துறைமுகத் தைல ஓவியம்: பிழை தெரியும் இடமும் பிழை பிறந்த அடுக்கும்

துறைமுகக் காட்சியை அடுக்கடுக்காகத் தைல வண்ணத்தில் தீட்டும்போது வரும் பிழைகளில் பாதிக்கு மேல் மேற்பரப்பில் தெரியும். பிறந்த இடம் கீழே இருக்கும். படகின் கறுப்பு வெளிறிப் போயிருந்தால், அதற்கு அடியில் இருக்கும் பூச்சு எண்ணெயைக் குடித்திருக்கலாம். பாய்மரக் கயிற்றின் கோடு துளித்துளியாக உடைந்தால், அதன் கீழே உள்ள வானம் எண்ணெய் வழுவழுப்போடு காய்ந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்காமல் மேலேயே திரும்பத் திரும்ப வண்ணத்தை ஏற்றுகிறவர்கள்தான் நல்ல ஓவியங்களைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எந்த அடுக்கில் கோளாறு என்று தெரிந்த பிறகே தூரிகையைத் தொட வேண்டும்.

அறிகுறிவாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் கேன்வாஸில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

கை வைக்கும் முன்

தைல வண்ணம் தண்ணீர் வண்ணத்தைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. அதனால் மேல்தோல் முதலில் இறுகும், உட்புறம் பிறகுதான் இறுகும். தொட்டுப் பார்த்துக் கையில் ஒட்டவில்லை என்பதை வைத்துக் ‘காய்ந்துவிட்டது’ என்று முடிவு செய்ய முடியாது. ஓவியத்தின் ஓரத்தில், வண்ணம் கனமாக இருக்கும் இடத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் உள்ளே இன்னும் மென்மை இருக்கிறது.

இரண்டாவது சோதனை, சாய்வான வெளிச்சம். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, ஓவியத்தை ஏறக்குறைய விளிம்பிலிருந்து பாருங்கள். எங்கே பளபளப்பு, எங்கே மங்கல், எங்கே சுருக்கம் என்பது நேராகப் பார்க்கும்போது தெரியாத அளவுக்குத் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறத்தில் பிழையா, டோனில் (வெளிச்சம், இருட்டு அளவில்) பிழையா என்பது அதில் பிரிந்துவிடும். துறைமுக ஓவியங்களில் ‘நிறம் சரியில்லை’ என்று வரும் புகார்களில் பல, உண்மையில் டோன் புகார்கள்.

அடுக்குகளுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். கேன்வாஸின் மேல் ஜெஸ்ஸோ, அதாவது வண்ணத்துக்குத் தளமாகும் வெள்ளைப் பூச்சு. அதன் மேல் டர்பன்டைனில் நீர்த்த, ஒல்லியான அடிவண்ணம். அதன் மேல் ட்யூபிலிருந்து வந்தபடியே பூசிய உடல்பூச்சு. கடைசியாகச் சிறிது எண்ணெய் சேர்த்த மேல்பூச்சு. எண்ணெய் குறைந்தது கீழே, மிகுந்தது மேலே. இந்த வரிசை தலைகீழானால் கீழே வரும் அறிகுறிகளில் நான்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்.

படகின் கறுப்பும் தூண்களின் நிழலும் வெளிறி, சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டன

துறைமுகத்தில் இதுவே அதிகம் வரும் கோளாறு. படகின் அடிப்பகுதி, மேடைக்குக் கீழுள்ள நிழல், ஈரமான தூண்கள் என்று இருண்ட இடங்கள் இந்தக் காட்சியில் நிறைய. இருண்ட நிறங்களுக்குப் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் ஐவரி பிளாக் என்ற கறுப்பும்தான் பெரும்பாலும் கைகொடுக்கின்றன. இவை இரண்டும் மங்கலுக்குப் பேர்போனவை. வண்ணத்திலுள்ள எண்ணெயைக் கீழடுக்கு உறிஞ்சிவிடுகிறது, மேலே நிறமித் தூள் மட்டும் வறண்டு நிற்கிறது. வறண்ட பரப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது.

உறுதிசெய்வது எளிது. சுத்தமான துணியில் சிறிது மினரல் ஸ்பிரிட் (தைல வண்ணத்தை நீர்க்கும் கரைப்பான்) தொட்டு, மங்கிய இடத்தில் மெதுவாக ஒற்றுங்கள். ஈரம் இருக்கும் அந்தச் சில நொடிகளில் கறுப்பு பழைய ஆழத்துக்குத் திரும்பினால் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை. அந்த இடத்தில் இன்னொரு கறுப்பைப் பூசாதீர்கள். பூசினால் அதுவும் மங்கும். மங்கியதைப் பார்த்து இன்னும் கறுப்பாகக் கலப்பீர்கள். கடைசியில் வார்னிஷ் ஏறும் நாளில் அந்தப் படகு மட்டும் கரிக்குழியாகத் தெரியும்.

செய்ய வேண்டியது எண்ணெய் ஊட்டுதல். அடுக்கு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயையும் மினரல் ஸ்பிரிட்டையும் சம அளவு கலந்து, பஞ்சு உதிராத துணியில் தொட்டு, மங்கிய பகுதி முழுவதும் தேய்த்துவிடுங்கள். சில நிமிடங்கள் கழித்து உலர்ந்த துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். பரப்பில் எண்ணெய் நிற்கக் கூடாது. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் சீரான மென்பளபளப்பு மட்டும் தெரிய வேண்டும். வழிய வழிய விட்டால் அந்த எண்ணெய்ப் படலமே நாளடைவில் மஞ்சளாகும். அடுத்த அடுக்கையும் வழுக்கிவிடும்.

மங்கல் ஓவியம் முழுவதும் பரவியிருந்தால் காரணம் ஜெஸ்ஸோவில் இருக்கிறது. மலிவான ஆயத்த கேன்வாஸ்களில் ஜெஸ்ஸோ அதிகமாக உறிஞ்சும். அடுத்த ஓவியத்துக்கு முன்பே இன்னும் ஓரிரு பூச்சு ஜெஸ்ஸோ ஏற்றி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டால் பாதித் தொல்லை போய்விடும்.

துணியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும்போது வெப்பம் பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

புதிய வண்ணம் பிடிக்காமல் துளிகளாகத் திரள்கிறது

பெரும்பாலும் கயிறுகளைத் தீட்டும்போது தெரியவரும். கீழே உள்ள வானம் எண்ணெய் மிகுந்து, கண்ணாடிபோல் இறுகியிருக்கிறது. மேலே வரும் மெல்லிய வண்ணத்துக்குப் பிடிமானம் இல்லை. கீழடுக்கு உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று நகச் சோதனையில் தெரிந்தால், மிக நுண்ணிய தண்ணீர் உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேயுங்கள். காட்மியமோ ஈய வெள்ளையோ உள்ள பரப்பை உலர்வாகத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசு நஞ்சு. வெட்டிய பூண்டையோ வெங்காயத்தையோ பரப்பில் தேய்ப்பது ஓவியக்கூடங்களின் பழைய உத்தி. கோடு இழுக்கும் சின்ன இடத்துக்கு அது இன்றும் போதும்.

வானமே கண்ணாடியாக இறுகுவதற்குக் காரணம், அந்த அடுக்கில் மீடியத்தை, அதாவது வண்ணத்தை இளக்கக் கலக்கும் எண்ணெயை, அளவுக்கு மீறிச் சேர்த்தது. வண்ணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டி மீடியம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாட்கள் போகின்றன, ஒட்டுகிறது, காயவே இல்லை

எந்த நிறம் என்று முதலில் பாருங்கள். அம்பர் வகைகளில் மாங்கனீஸ் இருப்பதால் அவை ஓரிரு நாளில் இறுகும். கோபால்ட் நிறமிகளும் வேகமானவை. ஐவரி பிளாக், காட்மியம், அலிசரின் ஆகியவை மெதுவாகத்தான் காயும். ஒரு வாரத்துக்கு மேலும் எடுக்கும். டைட்டானியம் வெள்ளையைச் சில தயாரிப்பாளர்கள் குசும்பா எண்ணெயில் அரைக்கிறார்கள். மஞ்சளாவது குறையும் என்பது அதன் நன்மை, காய்வது தாமதமாகும் என்பது அதன் விலை. ட்யூபின் பின்புறம் எண்ணெயின் பெயர் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

ஓவியத்தை இருட்டான, குளிர்ந்த, காற்றோட்டமில்லாத அறையில் வைத்திருந்தாலும் தாமதமாகும். வெளிச்சமும் காற்றும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். நேரடி வெயிலில் வைக்க வேண்டாம். இதற்கு மேலும் வாரக்கணக்கில் பிசுபிசுப்பு நிற்கிறது என்றால் மீடியமாகச் சேர்த்தது உலரும் எண்ணெயே இல்லை. ஆலிவ் எண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவை எத்தனை காலமானாலும் இறுகாது. அதைப் பேலட் கத்தியால் வழித்து எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அதன் மேல் எதைப் பூசினாலும் அடித்தளம் இல்லாத வீடுதான்.

வானத்தில் வெடிப்பு, அல்லது தோல் சுருங்கியதுபோல் மடிப்பு

இரண்டும் வேறு வேறு. மடிப்பு என்றால் எண்ணெய் மிகுந்த வண்ணத்தைக் கனமாகப் பூசியிருக்கிறீர்கள். மேல்தோல் முதலில் இறுகி விரிந்துவிட்டது, உள்ளே இன்னும் கூழாக இருக்கிறது. வழித்துவிட்டு மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துப் பூசுங்கள்.

வெடிப்பில் விளிம்பைக் கவனியுங்கள். அகலமாக, விளிம்பு மழுங்கி, இடைவெளியில் கீழ்நிறம் தெரிந்தால், மெதுவாகக் காயும் அடுக்கின் மேல் வேகமாகக் காயும் அடுக்கை ஏற்றியிருக்கிறீர்கள். ஐவரி பிளாக்கால் இருட்டிய மேகத்தின் மேல் சில நாளிலேயே வேகமாகக் காயும் அல்கிட் பிசின் மீடியம் கலந்த வண்ணத்தைப் பூசுவது இதற்கு நல்ல உதாரணம். 19-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் பலர் செழுமையான பழுப்புக்காக பிட்டுமென் என்ற தார் வகையைப் பயன்படுத்தினார்கள். அது முழுமையாக இறுகுவதே இல்லை. அந்த ஓவியங்களின் நிழல்கள் முதலைத் தோல்போல் பிளந்து கிடப்பதை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

மெல்லியதாக, கூர்மையாக ஓடும் வெடிப்பு என்றால் படலம் நொறுங்கும் தன்மையது. முதலில் சந்தேகப்பட வேண்டியது ஜிங்க் வெள்ளை. அது எண்ணெயோடு சேர்ந்து உடையக்கூடிய படலத்தை உண்டாக்கும். அடுக்குகள் உரிந்து வருவதற்கும் காரணமாகும். வானத்துக்கும் மூடுபனிக்கும் வெள்ளை ஏராளமாகச் செலவாகும் காட்சி இது. ஆகவே ட்யூபில் பெயரைப் பார்த்து ஏமாறாமல் நிறமி எண்ணைப் பாருங்கள்: பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம், பி.டபிள்யூ. 4 என்றால் ஜிங்க். கலப்பு வெள்ளை என்று விற்பதில் இரண்டும் இருக்கும்.

வெடிப்பை வண்ணத்தால் அடைக்காதீர்கள். அடியில் உள்ள அடுக்கு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் அதே இடத்தில் மீண்டும் பிளக்கும்.

தண்ணீர் படுத்திருக்காமல் சுவர்போல் நிமிர்ந்து நிற்கிறது

இனி வருபவை வேதியியல் சார்ந்தவை அல்ல, பார்வை சார்ந்தவை. இவற்றைச் சரிசெய்யவும் அடுக்கு முறைதான் கைகொடுக்கும்.

காலடியில் இருக்கும் தண்ணீரை நேர்கீழாகப் பார்க்கும்போது அது வெளிச்சத்தில் ஏறத்தாழ 2 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. மிச்சம் உள்ளே போகிறது. ஆகவே தண்ணீரின் உடல் நிறமும் அடியிலுள்ள பாசியும் தெரிகின்றன. பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடிக்கொண்டே போகும். தொலைவில் தண்ணீர் ஏறக்குறைய வானத்தையே காட்டும். ஆக, ஒரே துறைமுகத்தில் இரண்டு தண்ணீர்கள் உண்டு: கீழ் விளிம்பில் ஆழமான, பச்சை கலந்த, ஊடுருவித் தெரியும் தண்ணீர், மேலே போகப் போக வானத்தின் தண்ணீர். மேலிருந்து கீழ்வரை ஒரே நீலத்தை இழுத்துவிட்டால் அது சுவராக நிற்காமல் என்ன செய்யும்?

திருத்தம் எளிது, தண்ணீரை அழிக்க வேண்டியதில்லை. உடல்பூச்சு காய்ந்ததும் விரிடியன் பச்சையோடு சிறிது பர்ன்ட் சியன்னா செம்பழுப்பைக் கலந்து, எண்ணெயில் நீர்த்து, ஓவியத்தின் கீழ்ப்பகுதியில் மட்டும் கிளேஸாக, அதாவது கீழடுக்கு ஊடுருவித் தெரியும் மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். மேலே போகும்போது துணியால் துடைத்துத் துடைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுங்கள். காலடித் தண்ணீர் அமிழ்ந்து இறங்குவதைக் கண்முன்னே பார்க்கலாம்.

அடுத்தது அலைக்கோடுகள். எல்லாக் கோடுகளும் ஒரே நீளம், ஒரே தடிமன், ஒரே இடைவெளி என்றால் கண் அதை விரிப்பின் சித்திரமாகத்தான் வாசிக்கும். தொலைவில் கோடுகள் நெருங்கி மெல்லியதாக, காலடியில் அகன்று இடைவெளி விட்டு இருக்க வேண்டும். ஒரு கோடுகூடச் சாயக் கூடாது. வலது கைக்காரர்களின் கோடு வலப்பக்கம் மெல்ல ஏறுவது இயல்பு. கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் உடனே கண்ணில் படும்.

இன்னொன்று, துறைமுகத்துக்கே உரியது. அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே தண்ணீர் அமைதி, வெளியே கரடு. உள்ளேயும்கூடக் காற்று தொட்ட இடத்தில் ஒரு பட்டை ஓடும். அந்தப் பட்டையில் மட்டும் பிரதிபலிப்பு அறுந்து, மேல்வானத்தின் வெளிர்நிறம் தெரியும். அப்படி ஒரே ஒரு பட்டையை, நெடுக்காகக் கிடக்கும்படி, உலர்ந்த தூரிகையால் இழுத்துப் பாருங்கள். மொத்தத் தண்ணீரும் படுத்துவிடும்.

பிரதிபலிப்பு ஒட்டவைத்த படம்போல் இருக்கிறது

படகைத் தலைகீழாக நகலெடுத்திருப்பீர்கள். பிரதிபலிப்பு நகல் இல்லை. தண்ணீர் மட்டத்திலிருந்து உங்கள் கண் எவ்வளவு உயரமோ, அவ்வளவு ஆழத்தில் தண்ணீருக்குக் கீழே இருக்கும் ஒரு கண் என்ன பார்க்குமோ அதைத்தான் தண்ணீர் காட்டுகிறது. மேடையில் நின்று பார்க்கும்போது உங்களுக்குப் படகின் உட்பக்கப் பலகைகளும் சுருட்டிவைத்த வலையும் தெரியும். பிரதிபலிப்பில் அவை தெரியவே தெரியா. அதற்குப் பதிலாக, முன்மூக்கின் வளைந்த அடிவயிறு தெரியும். மரமேடையின் மேல்தளம் உங்களுக்கு, கீழ்ப்பலகைகள் தண்ணீருக்கு. கரையிலிருந்து உள்தள்ளிய கிடங்கின் கீழ்ப்பாதி பிரதிபலிப்பில் மறைந்து, கூரை மட்டும் கரைச்சுவருக்குக் கீழே எட்டிப்பார்க்கும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் ஓவியத்துக்கு நேரில் பார்த்த உறுதி வந்துவிடும். புகைப்படத்தைப் புரட்டி ஒட்டியவர்களுக்கு இது ஒருநாளும் வராது.

பாய்மரம் இடப்பக்கம் சாய்ந்தால் பிரதிபலிப்பும் இடப்பக்கமே சாயும். உங்களை நோக்கிச் சாய்ந்திருந்தால் பிரதிபலிப்பு நீளும். விலகிச் சாய்ந்தால் குறுகும். சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் பிரதிபலிப்பு பொருளுக்கு நேர்கீழேதான் விழும். நிழலோடு அதைக் குழப்பிக்கொள்வதால் பல படகுகளுக்குக் கோணல் பிரதிபலிப்பு அமைந்துவிடுகிறது.

டோனில், வெளிர்நிறங்கள் தண்ணீரில் சற்று இருளும். கருநிறங்கள் சற்று வெளிறும். வெள்ளைப் படகின் பிரதிபலிப்பு வெள்ளையாகவே இருந்தால் அது தண்ணீரில் விழுந்த படகு இல்லை, இரண்டாவது படகு.

தீட்டும் வரிசை இப்படி: உடல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே நிறங்களை மேலிருந்து கீழாக இழுங்கள். உலர்ந்த மென்தூரிகையால் ஒரே ஒரு முறை குறுக்கே தடவி விளிம்பைக் குழையுங்கள். இரண்டாம் முறை தடவினால் சேறாகும். காய்ந்த பிறகு வெளிர்ப்பகுதிகளை மெல்லிய கிளேஸால் ஒரு படி இறக்குங்கள். அதுவும் காய்ந்தபின் வானத்தின் நிறத்தில் சில நெடுங்கோடுகளைப் பிரதிபலிப்பின் குறுக்கே போடுங்கள். தண்ணீருக்கு ஒரு மேற்பரப்பு உண்டு என்று சொல்பவை இந்தக் கோடுகள்தான். எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடிக்க முயன்றால் மூன்றும் கெடும்.

படகுகள் மிதக்கவில்லை, ஒன்று பறக்கிறது, ஒன்று மூழ்குகிறது

அடிவானக் கோட்டை வைத்துச் சோதியுங்கள். உங்கள் கண் தண்ணீருக்கு மேல் 4 மீட்டரில் இருக்கிறது என்றால், அடிவானம் எல்லாப் படகுகளையும் அவற்றின் நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்திலேயே வெட்டும். அருகிலுள்ள படகானாலும் தொலைவிலுள்ளதானாலும் இதில் மாற்றம் இல்லை. ஒரே அளவுள்ள இரு படகுகளில் ஒன்றின் பாய்மரத்தைப் பாதியில் வெட்டினால் மற்றதையும் பாதியில்தான் வெட்ட வேண்டும். மலையோ கட்டடமோ அடிவானத்தை மறைத்தாலும் அது இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுச் சோதித்துவிட்டு அழித்துவிடுங்கள். இதை அடிவண்ணத்திலேயே பார்த்துவிட வேண்டும். மேல்பூச்சில் படகை நகர்த்தினால், பழைய விளிம்பின் மேடு பிற்பாடு சாய்வான வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் பழைய விளிம்பைத் தேய்த்துச் சமன்செய்த பிறகு நகர்த்துங்கள்.

நிறமெல்லாம் சேறாகிவிட்டது

துறைமுகமே சாம்பல்களின் உலகம்: ஈரக்கல், புகை, நனைந்த கயிறு, மேகம். ஆகவே சாம்பல் வருவதில் தவறில்லை. பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டால் சூடாகவும் இல்லாமல், குளிர்ச்சியாகவும் இல்லாமல் நிற்கும் சாம்பலே சேறு. அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த சாம்பலை ஒரு துளி நீலப்பக்கமோ ஒரு துளி சிவப்புப்பக்கமோ தள்ளினால் அது உயிர்பெறும். மூன்றாவது, நான்காவது நிறமியைச் சேர்த்துத் தேடாதீர்கள்.

கேன்வாஸின் மேலேயே ஈரத்தில் கலந்து கலந்து சேறானால், வண்ணத்தின் மேல் செய்தித்தாளை வைத்துக் கையால் அழுத்தி உரித்தெடுங்கள். மேலே நிற்கும் அதிகப்படி வண்ணம் தாளோடு போய்விடும். வரைவு அப்படியே நிற்கும். லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் பேராசிரியராக இருந்த ஹென்றி டாங்க்ஸ் பெயரால் இதை ‘டாங்கிங்’ என்றே அழைக்கிறார்கள். வழித்து எடுப்பதைவிட இது நல்லது. மிஞ்சும் மெல்லிய படலம் அடுத்த அடுக்குக்கு அருமையான தளம்.

சூரியன் வெள்ளைப் பொட்டுபோல் இருக்கிறது, ஒளிரவில்லை

வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ட்யூப் வெள்ளைக்கு மேல் வெள்ளை கிடையாது. நிறமியின் எல்லை அது. ஒளியை உண்டாக்க இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டும் துறைமுக ஓவியங்களிலேயே உறுதிப்பட்டவை.

முதல் வழி, நிற வேறுபாடு. கிளாட் மோனே 1872-இல் லே ஆவ்ர் துறைமுகத்தைத் தீட்டிய ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் ஏறக்குறைய மறைந்துவிடும். அந்த ஆரஞ்சு வட்டத்துக்கும் சுற்றியுள்ள சாம்பல் நீலத்துக்கும் டோன் கிட்டத்தட்ட ஒன்று. பிரகாசத்தில் வேறுபாடு இல்லை, நிறத்தில் மட்டும் கடும் முரண். அதனால்தான் அந்தச் சூரியன் அதிர்வதுபோல் தோன்றுகிறது. மூடுபனிச் சூரியனுக்கு இந்த வழி. உங்கள் சூரியன் வெளிறியிருந்தால், காய்ந்ததும் காட்மியம் ஆரஞ்சால் மூடி, சுற்றுப்புறத்தின் டோனுக்கு இறக்குங்கள்.

இரண்டாவது வழி, மற்ற அனைத்தையும் இறக்குவது. கிளாட் லொரைன் 17-ஆம் நூற்றாண்டில் தீட்டிய துறைமுகக் காட்சிகளில் சூரியன் அடிவானத்துக்குச் சற்று மேலே நேராகவே நம்மைப் பார்க்கிறது. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும், ஷீபா அரசி கப்பலேறும் 1648-ஆம் ஆண்டுத் துறைமுக ஓவியம் அவற்றில் ஒன்று. இரு புறமும் நிழல் படிந்த கட்டடங்கள், நடுவே சூரியனிலிருந்து விலக விலக அடங்கும் வானம். தெளிவான வானத்துக்கு இந்த முறைதான் சரி. ஏற்கெனவே தீட்டிய ஓவியத்தில் இதைச் செய்யக் கிளேஸ் போதும்: அல்ட்ராமரீனோடு சிறிது டிரான்ஸ்பரன்ட் ஆக்சைடு பிரவுன் கலந்து, வானத்தின் மூலைகளிலும் படகுகளின் மேலும் பூசி, சூரியனை நெருங்கும்போது துடைத்துவிடுங்கள். ஒரு பூச்சில் போதாவிட்டால் காயவிட்டு இன்னொன்று. சூரியனின் மேல் ஒரு சொட்டுக்கூடப் புதிய வெள்ளை படாமல் அது பிரகாசமாகும்.

தண்ணீரில் விழும் ஒளிப்பாதை சூரியனுக்கு நேர்கீழே, உங்களை நோக்கித்தான் வரும். பக்கவாட்டில் சாய்ந்தால் எந்தக் கிளேஸும் காப்பாற்றாது. மாலைச் சிவப்புக்குப் பழைய அலிசரின் கிரிம்சனை, அதாவது பி.ஆர். 83-ஐ, நம்பாதீர்கள். மெல்லிய கிளேஸில் அது வெளிச்சத்தில் வெளுத்துவிடும். குவினாக்ரிடோன் வகை சிவப்பு நிலைத்து நிற்கும்.

மூடுபனி சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கிறது

வெளிர்வண்ணத்தை மிகவும் கனமாக, ஒரே சீராகப் பூசியிருக்கிறீர்கள். மூடுபனியின் அழகு அதன் பின்னால் இருப்பது தெரிவதில் இருக்கிறது. ஆகவே பின்னால் இருக்க வேண்டிய கிடங்கையும் பாரந்தூக்கிகளையும் வேண்டியதைவிடச் சற்று அழுத்தமாகவே தீட்டிக் காயவிடுங்கள். பிறகு, பாதி மறைக்கும் வெளிர்வண்ணத்தைக் கரட்டுத் தூரிகையில் மிகக் குறைவாக எடுத்து, துணியில் துடைத்து, தேய்த்தபடி ஏற்றுங்கள். ஸ்கம்பிள் என்பது இதுதான். இருளின் மேல் ஏறும் மெல்லிய வெளிர்ப்படலம் தானாகவே நீலமாகத் தெரியும். அதனால் கலவையில் நீலம் சேர்க்காதீர்கள். சிறிது மஞ்சள் ஆக்கரையோ ஆரஞ்சையோ சேர்த்துச் சூடாக வைத்தால்தான் பனி சாம்பலாக அடங்கும். நீர்மட்டத்தில் கனமாக, மேலே போகப் போக மெலிதாக ஏற்றினால் பாரந்தூக்கியின் தலை மட்டும் தெளிவாக வெளியே நிற்கும்.

கயிறுகள் கம்பிபோல் விறைத்து நிற்கின்றன

ஒரே கறுப்பு, ஒரே தடிமன். வானத்தின் மேல் ஓடும்போது கயிறு நீலச்சாம்பல். இருண்ட கிடங்கின் முன் வரும்போது அதே கயிறு வெளிர்நிறம். பிரகாசமான மேகத்தைக் கடக்கும்போது வெளிச்சம் மெல்லிய கோட்டைத் தின்றுவிடும். அங்கே கோட்டை விட்டுவிடுங்கள், கண் சேர்த்துக்கொள்ளும். இழுத்துக் கட்டியவை நேராக, தளர்ந்தவை தொய்ந்து வளைந்து இருக்க வேண்டும்.

நீள மயிருள்ள ரிக்கர் தூரிகை, மை போல் ஓடும் வண்ணம், மணிக்கட்டுக்குத் தாங்கலாக ஒரு கோல். வண்ணத்தை டர்பன்டைனால் மட்டும் நீர்க்காதீர்கள். இது கடைசி அடுக்கு, எண்ணெய் இருந்தால்தான் பிடிக்கும். விரலை மட்டும் அசைக்காமல் தோளிலிருந்து இழுங்கள். கீழடுக்கு நன்றாகக் காய்ந்திருந்தால், பிசகிய கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உடனே திரும்ப இழுக்கலாம். காத்திருந்ததற்குக் கிடைக்கும் பலன் இது.

வார்னிஷ் பூசும்போது துணியில் நிறம் வருகிறது. பூசியபின் வெண்படலம் படிகிறது

மரபான கடைசி வார்னிஷுக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை காத்திருக்க வேண்டும். கனமான பூச்சு என்றால் அதற்கு மேலும். பூசுவதற்கு முன் ஓரத்தில், இருண்ட நிறத்தின் மேல், மினரல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். பஞ்சு சுத்தமாக வந்தால் பூசலாம். நிறம் வந்தால் நிறுத்திவிடுங்கள்: ஒன்று அடுக்கு காயவில்லை, அல்லது கிளேஸில் டாமர் பிசின் கலந்திருக்கிறீர்கள். டாமர் கலந்த கிளேஸ் எத்தனை ஆண்டானாலும் கரைப்பானில் கரையும். பிற்காலத்தில் வார்னிஷை அகற்றும்போது உங்கள் தண்ணீரின் ஆழமும் சேர்ந்து போய்விடும். கிளேஸுக்கு எண்ணெயே போதும்.

வெண்படலம் ஈரத்தால் வருவது. மழைநாளில் வார்னிஷ் பூசாதீர்கள். ஓவியத்தையும் வார்னிஷையும் ஒரே உலர்ந்த அறையில் சில மணி நேரம் வைத்திருந்து பிறகு பூசுங்கள்.

சுவர்ப்பக்கம் திருப்பி மாதக்கணக்கில் அடுக்கிவைத்த ஓவியத்தில் வானத்தின் வெள்ளை மஞ்சளாகியிருந்தால் அதன் மேல் எதையும் பூச வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சத்தில் அந்த மஞ்சளின் பெரும்பகுதி வெளுத்துவிடும். சில வாரங்கள் வெளிச்சமான அறையில், நேரடி வெயில் படாமல் வைத்துவிட்டு, அதன் பிறகு நிறத்தைப் பாருங்கள்.